சூடாகிற தம்பி, கத்துகிற அக்கா

ஒரு லேப்டாப்புக்குள் ஃபேன் அக்காவும் பிராசசர் தம்பியும் குடியிருந்தார்கள். கொஞ்ச நாளாக ஒரே சண்டை.

“எப்பப் பாரு எதுக்குடா சூடாகுற?” என்று அக்கா கத்துவாள்.

“நீ கத்துறதாலதான்!” என்று தம்பி இன்னும் கொதிப்பான்.

சத்தம் தாங்காமல் வீட்டுக்காரர்கள் லேப்டாப்பை ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார்கள். மெக்கானிக் அக்காவைக் கழற்றி மேசையில் வைத்து, “துடைச்சுப் பாக்குறேன். அப்பவும் கத்தினா வேற ஃபேன்தான்” என்றார். தொலைந்தாள் என்று தம்பி சந்தோஷப்படுவான் என்றுதான் அக்கா நினைத்தாள்.

பிரஷ் பட்டதும் அவள் இறக்கைகளுக்குள்ளிருந்து தூசி கம்பளித் துண்டுபோலச் சுருண்டு வந்தது. தம்பி பதறிப்போனான். “இவ்வளவு அடைப்பை வச்சுக்கிட்டா எனக்கு விசிறின? நீ கோபத்துல கத்துறன்னுல்ல நெனச்சேன்!”

“கோபமும்தான்டா.”

அடுத்து மெக்கானிக் தம்பியின் தலையைத் துடைத்தார். சூட்டை இறக்கப் பூசியிருந்த பசை எப்போதோ காய்ந்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. “அடப்பாவி, இந்தத் தலையோடவா இருந்த? வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?”

மெக்கானிக் புதுப் பசை தடவி, அக்காவை மாட்டி, சுவிட்சைப் போட்டார். சத்தமே இல்லை. “இதுவே இருக்கட்டும்” என்று மூடியை முடுக்கினார்.

உள்ளே தம்பி மெல்லச் சொன்னான், “நீ எங்க சொல்ல விட்ட, அக்கா?”