அந்தரத்தில் ஒரு மடி

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். தாலி கட்டும்போது நாகஸ்வரக்காரர் வாசித்தாரா, வாசிப்பை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாரா என்பதுகூட நிச்சயமில்லை.

என் அக்காவின் கணவர் சடகோபன் அத்திம்பேருக்கு இரண்டும் செயற்கை முழங்கால்கள். அவற்றை இயக்கக் கம்பெனி தரும் ‘டிரைவர்’ மென்பொருளின் மூல நிரலை யாருக்கும் காட்டமாட்டார்கள் என்பதால் அவர் அதைத் தொடமாட்டார். பனிநாட்டுத் தன்னார்வலர்கள் எழுதிய, யாரும் பிரித்துப் படிக்கக்கூடிய திறந்தமூல டிரைவரைப் போட்டிருந்தார். அதில் நடக்கலாம், ஓடலாம், பனிச்சறுக்குகூடப் போகலாம். உட்காருவது மட்டும் அடுத்த பதிப்பில் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

பெண்ணை அப்பாவின் மடியில் உட்கார வைத்துத்தான் தாலி கட்டுவது எங்கள் வழக்கம்.

“இன்னிக்கு மட்டும் கம்பெனி டிரைவரைப் போட்டுக்கோங்கோப்பா,” என்றாள் மணப்பெண் வகுளா.

“அது உள்ள என்ன பண்றதுன்னு தெரியாம போட்டுக்க மாட்டேன்.”

“உட்கார வைக்கும். வேறென்ன பண்ணும்?”

“முகூர்த்தம் போறது ஓய்!” என்றார் வாத்தியார்.

 

வகுளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரி, பனிச்சறுக்குக்கு மாத்துங்கோ.”

அத்திம்பேரின் முழங்கால்கள் பனியில் சறுக்குபவரைப்போலப் பாதி மடிந்து உறுதியாக நின்றன. அவள் ஏறி உட்கார்ந்தாள். மாப்பிள்ளை குனியாமலேயே தாலி கட்டினார்.

வகுளா சௌக்கியமாக இருக்கிறாள். அத்திம்பேர் இன்னும் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறார். மாப்பிள்ளை வீட்டார் அன்று அவர் பாதி நின்றபடி மடி கொடுத்ததை எங்கள் குல வழக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு அதே வீட்டுக்கு என் பெண்ணைக் கொடுத்தபோது, எலும்பு முழங்கால்களோடு நானும் அப்படியே நின்றேன்.