ஒரே நாளில் பூஜ்யம்

"வித்துத் தொலைங்க தலைவரே! அந்தச் சுரங்கம் இன்னும் ஒரு நாள்கூட நம்ம பேர்ல இருக்கக் கூடாது!"

எழுபத்தாறு வயது எம்லின் எழுந்து கத்தியதும் தேவாலயக் கூடத்தில் தேநீர் குடிப்பது நின்றது. முப்பத்தைந்து வருடம் அதே சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவர். இன்றும் அங்கிருந்து வாரம் ஒரு மூட்டை இலவசக் கரி அவர் வாசலில் வந்து இறங்குகிறது. அவரா இப்படிப் பேசுகிறார்?

சுரங்கத் தொழிலாளர் ஓய்வூதிய நிதியின் வருடாந்தரக் கூட்டம். நிதி போட்டிருக்கும் முதலீடு எதிலும் இனிப் புகை இருக்கக் கூடாதாம். காற்றாலை, சூரிய மின்சாரம் என்று எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. மிச்சம் இருக்கும் ஒரே அழுக்கு, மலைக்குப் பின்னால் நிதிக்கே சொந்தமான அந்தச் சின்னச் சுரங்கம்தான்.

முதலீட்டைக் கவனிக்கும் இளம்பெண் கேரிஸ் எழுந்தாள்.

"விக்க வேண்டாம் ஐயா. நாமளே வச்சிருந்து, ரெண்டு வருஷத்துல இழுத்து மூடிடலாம். வித்தா வாங்கறவன் தோண்டத்தானே செய்வான்? புகை எங்கே குறையும்?"

எம்லின் அவசரமாக ஓரடி முன்னால் வந்தார். இவள் விவரமானவள். இவளைப் பேச விடக் கூடாது.

"ரெண்டு வருஷமா? அதுவரைக்கும் உங்க அறிக்கையில புகைக் கணக்கு பூஜ்யம் ஆகாதே, தலைவரே!"

லண்டனிலிருந்து வந்திருந்த தலைவர் ஹம்ஃப்ரி நிமிர்ந்தார். "வித்துட்டா?"

"இன்னைக்குச் சாயங்காலமே பூஜ்யம். நம்ம கையை விட்டுப் போனா அது நம்ம புகை இல்லையே!"

தலைவர் முகம் மலர்ந்தது. "அது சரி, இந்தக் காலத்துல சுரங்கத்தை எவன் வாங்குவான்?"

"எவனாவது ஒரு கிறுக்கன் வருவான். ஒரு பவுண்டுக்காவது தள்ளி விடுங்க."

பக்கத்து நாற்காலியில் இருந்த கெத்தின் என்ற கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். "அந்த மலைப் பக்கம் திரும்பினாலே எனக்கு அழுகை வருது, தலைவரே..."

"போதும்டா, ரொம்பப் பண்ணாதே," என்று எம்லின் பல்லைக் கடித்தார்.

"விக்கலாம்ங்கறவங்க கை தூக்குங்க!" என்றார் தலைவர்.

நாற்பது கிழட்டுக் கைகள் ஒன்றாக உயர்ந்தன. கேரிஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். தலைவர் ஓடி வந்து எம்லினைக் கட்டிக்கொண்டார்.

"பூமி மேல இவ்வளவு அக்கறை உள்ள மனுஷனை நான் பார்த்ததே இல்லை! ஆண்டறிக்கை அட்டையில உங்க படம்தான்."

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை, அட்டைப் படத்துக்காகக் கேமராவோடு வந்த கேரிஸை எம்லினின் மனைவி மலைக்குப் பின்னால் அனுப்பினாள். அங்கே சுரங்க வாசலில், தலையில் விளக்கு மாட்டிய நாற்பது கிழவர்கள் உள்ளே இறங்க வரிசையில் நின்றார்கள்.

"வாம்மா," என்றார் முதலில் நின்ற எம்லின். "ஒரு பவுண்டுக்கு வாங்கின அந்தக் கிறுக்கன் நாங்கதான். படத்தை இப்பவே எடுத்துக்கோ, வெளிய வரும்போது மூஞ்சி இவ்வளவு பசுமையா இருக்காது."