பயந்தால் போதும்

"செத்தவர் ரயில்ல சத்தம்தான் போட்டார். யாரையும் தொடக்கூட இல்லை!" என்றார் அரசு வக்கீல்.

எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். "தொட்ட பிறகா பயப்படணும்? கண்ணை உருட்டிக் கத்தினா, பக்கத்துல இருக்கறவன் கழுத்தைப் பிடிக்கத்தான் செய்வான். பயந்தாலே போதும்!"

கழுத்தை இறுக்கிய அவருடைய கட்சிக்காரர் கொலை வழக்கிலிருந்து விடுதலையானார்.

மாலை ரயிலில், ஜெயித்த வக்கீலுக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவிக்குப் போன் போட்டார்.

"செத்தவன் எப்படிக் கத்தினான்னு கோர்ட்டில நடிச்சே காட்டினேன், கேக்கறியா?"

"வேணாங்க. வீட்டுக்கு வந்து நடிங்க."

அவர் எங்கே கேட்டார்? எழுந்து நின்று, கண்ணை உருட்டி, "கிட்ட வந்தா தீர்த்துடுவேன்!" என்று அலறினார்.

பெட்டியே உறைந்தது. வாட்டசாட்டமான இளைஞன் ஒருவன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தான்.

"யாரும் பயப்படாதீங்க. அமுக்கினா தப்பில்லைன்னு இன்னிக்குத்தான் தீர்ப்பு வந்திருக்கு."

கழுத்தில் கை விழுந்ததும் வக்கீல் பதறினார். "ஐயோ, சத்தம்தாங்க போட்டேன்! யாரையும் தொடக்கூட இல்லையே!"

எதிர் சீட்டில் விரிந்திருந்த செய்தித்தாள் மெல்லக் கீழிறங்கியது. அரசு வக்கீல்!

"விட்டுடுங்க தம்பி," என்றவர், இவர் பக்கம் திரும்பினார். "காலையிலேர்ந்து நானும் இதைத்தானே சார் சொன்னேன்!"