கிணற்றடி அரளி

"உப்பே இல்ல. இதெல்லாம் ஒரு கொழம்பா?"

பட்டுப்புடவை வாங்க வந்திருந்த சேத்துப்பட்டு வியாபாரிகளின் எதிரிலேயே தனசேகரன் சோற்றுத் தட்டைச் சுவரில் விட்டெறிந்தார். குழம்பு அவர் மனைவி ரேணுகாம்பாளின் முகத்தில் தெறித்தது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் தோட்டத்தில், கிணற்றடியில் ஒரு மஞ்சள் அரளியை நட்டாள்.

"இன்னாத்துக்கு இந்தச் செடி?" என்றார் அவர்.

"பூ சாமிக்குங்க."

"கொட்டை?"

"இருக்கட்டுங்க. எதுக்காவது ஆவும்."

"வெட்டிப் போட்டுடுவேன்."

"வெட்டுனா வேற வெப்பேங்க."

செடி ஆளுயரம் வளர்ந்து காய்த்தது. தினமும் அவர் பார்க்கும் நேரமாகப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினாள். காய்களைத் தடவிக் கொடுத்தாள்.

பக்கத்து வீட்டு ஜெயப்ரியாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வேலிக்கு இந்தப் பக்கம் வந்தே கேட்டுவிட்டாள்.

"அக்கா, உங்க கோவம் எனக்குத் தெரியும். ஆனா வேணாம்க்கா. கொலை கேசு ஆயிடும்."

"அடி போடி. இதுவரைக்கும் ஒரு கொட்டையகூட நான் பறிச்சதில்ல."

"அப்புறம் எதுக்கு இதை வளத்துகினு இருக்கீங்க?"

ரேணுகாம்பாள் பதில் சொல்வதற்குள் சமையலறைக் கதவு திறந்தது. வியர்த்து வழிய, கையில் தட்டோடு தனசேகரன் வந்தார். முதல் காய் விட்ட நாளிலிருந்து அவளை அவர் அடுப்புப் பக்கமே விடுவதில்லை.

"சாம்பார் வெச்சிருக்கேன். சாப்டு பாரு."

அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

"உப்பு பத்தலைங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, ஜெயப்ரியாவின் எதிரிலேயே தட்டைச் சுவரில் விட்டெறிந்தாள்.