பிரேக்கில் ஒரு நடுக்கம்

பட்டறையில் பட்டாசுக் கம்பெனி சுமோவின் முன்பக்கம் ஜாக்கியில் ஏறி நிற்கிறது. டிரைவர் செல்லப்பாண்டி சீட்டை விட்டு இறங்கவில்லை. முந்தாநாள்தான் பிரேக் பேடு புதிதாய்ப் போட்டது. ஆனாலும் மிதித்தால் உதறுகிறது. மெக்கானிக் மாரிக்கண்ணன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் முனையை டிஸ்க்கை ஒட்டிப் பிடித்தபடி மறுகையால் மெல்லச் சுற்றுகிறான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கிர்ரென்று உரசுகிறது. வெயிலில் அந்த இடம் மட்டும் நீலம் பாரித்துத் தெரிகிறது. “பேடுல கோளாறு இல்ல அண்ணாச்சி. டிஸ்க்கு கோணிப்போச்சு. கொதிக்கக் கொதிக்க இருக்கையில பச்சத்தண்ணிய ஊத்துனீகளா?” செல்லப்பாண்டி பின்சீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மருந்து ரூம் வெடித்த அன்று, வெந்துபோன மூன்று பெண்களை மதுரையில் இறக்கிய கையோடு, ஆஸ்பத்திரிக் குழாயடியிலேயே வாளி வாளியாய் ஊற்றி வண்டியைக் கழுவினார். “ஊத்துனேம்ப்பா. வாடை தாங்க முடியல.” மாரிக்கண்ணன் டிஸ்க்கிலிருந்து கையை எடுக்கிறான். “அப்ப இது வண்டியோட நடுக்கந்தான்” என்கிறான். இத்தனை நாளும் தன் கால்தான் நடுங்குகிறது என்று நினைத்திருந்தார் செல்லப்பாண்டி. என்ஜின் ஓடவில்லை, டிஸ்க்கும் சுற்றுவதை நிறுத்திவிட்டது. பெடல்மேல், மிதிக்காமல், பாதத்தை வைத்துப் பார்க்கிறார். நடுங்குகிறது.