கடைசி வரைக்கும் ஓடட்டும்

முதல் சுரம் வந்ததுமே மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

டிரம் பெட்டியின் மேல் கிடந்த மானேஜரின் செல்போன் ட்ரம்பெட் வாசித்துக்கொண்டிருந்தது.

அடுத்த மாதத்திலிருந்து பேண்டில் ஒரே ட்ரம்பெட்தானாம். இருப்பதோ இரண்டு. ஒன்று மாஸ்டர், இன்னொன்று மாஸ்டரின் மச்சினன். ஒத்திகையில் இருவரையும் தனித்தனியாகப் பதிந்த மானேஜருக்கு எது யாருடையது என்று மறந்துவிட்டது. கேட்டுக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. அவருடைய காதுகள் மூக்குக்கண்ணாடியைத் தாங்குவதற்காக மட்டும் படைக்கப்பட்டவை.

"நீங்களே சொல்லிடுங்க மாஸ்டர். உங்க காதுக்கு மேலயா?"

இந்தப் பேச்சுக்காகவே பிறவி எடுத்தவர் போல மாஸ்டர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

"கன்னத்தைப் பலூன் மாதிரி உப்புறான். மவுத்பீஸைப் பல்லோட வச்சு அமுக்குறான், அப்புறம் உதடு எங்க அதிரும்? இடது ஓரத்துல புஸ்ஸுன்னு காத்து ஒழுகுது, கேக்குதா? பஞ்சர் டியூப். மூச்சு வயித்துலேர்ந்து வரணும். இவனுக்குத் தொண்டையிலயே முடிஞ்சுபோகுது."

"சரி பண்ண முடியாதா?"

"புதுசா கத்துக்கறவன்னா வெறும் மவுத்பீஸைக் குடுத்துக் கண்ணாடி முன்னால நிக்க வைக்கலாம். இது கெட்டுப் பழகின வாய் சார். நாற்காலி எடுத்துப் போடச் சொல்லுங்க."

மச்சினன் குனிந்தபடி ட்ரம்பெட் உறையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஊதக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர்தான். 'உன் தம்பி ஊதினா அடுப்புல பால் திரிஞ்சிடும்' என்று மனைவியிடம் தினமும் சொல்லிக்காட்டுகிறவரும் அவரேதான்.

"மாமா, போதும். நிறுத்தச் சொல்லுங்க."

மாஸ்டருக்கு அந்தக் கெஞ்சல் இனித்தது. மச்சினனுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருப்பது ஒரு கணம் நினைவுக்கு வந்தது. கலைக்கு முன்னால் உறவாவது ஒன்றாவது என்று அந்த நினைப்பை ஓரமாகத் தள்ளினார்.

"கடைசி வரைக்கும் ஓடட்டும்டா. முழுசாக் கேட்டாத்தானே தீர்ப்பு?"

மச்சினன் சட்டென்று எழுந்து போனை நோக்கிக் கை நீட்டினான். மாஸ்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

கடைசி சுரம் நீண்டு, விக்கி, நடுவில் உடைந்து நின்றது.

"அப்ப, இவரைத்தான் அனுப்பணும்?"

"இன்னிக்கே அனுப்புங்க."

மானேஜர் தலையாட்டினார். போனை நிறுத்த அவருக்குத் தோன்றவில்லை. அதில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ இரண்டு முறை தொண்டையைச் செருமினார்கள்.

பிறகு, பெருமை வழியும் ஒரு குரல்.

"கேட்டியா மச்சான்? ஊதறதுன்னா இது."

மச்சினன் நிமிரவில்லை. மாஸ்டரின் கை அவன் மணிக்கட்டை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.