கடைசி வரியில் ஓர் எழுத்து

திரையில் அவள் பெட்டியோடு வாசலில் நின்றாள். அவன், "நீ போனா..." என்று இழுத்தான். அத்தோடு படம் முடிந்துவிட்டது.

எனக்கு வந்ததே கோபம்.

விளக்குகளைப் போட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் என் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அப்பாவின் முகமே சரியாக நினைவில்லாதவள். அவருடைய நாவல் மூன்றாவது முறையாகப் படமாகியிருக்கிறது, அழாமல் என்ன செய்வாள்?

நாவலில் இந்த இழுவை எல்லாம் கிடையாது. 'அவள் போனாள்.' அவ்வளவுதான் கடைசி வரி. நாற்பத்தைந்து வருஷமாகப் பேராசிரியர்கள் இந்த இரண்டு சொல்லை வைத்துத்தான் காலட்சேபம் செய்கிறார்கள். என்ன கறார், என்ன துணிச்சல், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் முடித்துவிட்டாரே என்று.

முதல் படத்தில் அவள் ஒரு பாட்டுப் பாடிவிட்டு ஆற்றில் விழுந்து செத்தாள். இரண்டாவது படத்தில் இரண்டு பேருக்கும் கல்யாணம் செய்து வைத்தார்கள். இப்போது இது.

எனக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. அவளுக்குப் படத்துக்குப் படம் குறைகிறது. முதலில் நடித்தவளுக்கு முப்பதாவது இருக்கும். இவளுக்கு இருபத்திரண்டுதான். இடுப்பு ஒரு பிடி.

நாவலில் அவனுக்கு ஒரு மனைவி உண்டு. ஒன்றரைப் பக்கம் வருவாள். முதல் படத்தில் அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டே இருந்தாள். இரண்டாவதில் சிரிப்பு நடிகையைப் போட்டு, கல்யாணத்துக்கு வழிவிட வேண்டுமே என்று பாதியில் லாரி ஏற்றிக் கொன்றார்கள். இந்தப் படத்தில் அவன் பிரம்மச்சாரி.

அந்த மனைவி நானா என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

கடைசி வரியில் போகிற அவள் யார் என்று எனக்குத் தெரியும். எங்கள் மாடி அறையில் குடியிருந்த தையல் டீச்சர். நாவலில் அவளை நர்ஸ் ஆக்கியிருந்தார். யாரை ஏமாற்ற? கழுத்தைச் சாய்த்துச் சிரிக்கிற சிரிப்பை அப்படியே வைத்திருந்தாரே.

ஒரு நிருபர் மைக்கை நீட்டினார். "நாவல் ஒண்ணு, படம் மூணு. இதுல எதும்மா ஒசத்தி?"

"நாவல்தான்" என்றேன். "அதுல அவளைச் சாகடிக்கவும் இல்ல, கட்டி வைக்கவும் இல்ல. போயிட்டா, அவ்வளவுதான். முதல்ல படிச்சவ நான், எனக்குத் தெரியாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். மகள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

அது பொய்யில்லை. அவர் எழுதுவது கோழிக் கிறுக்கல். நான் நகல் எடுத்த பிறகுதான் அச்சகத்துக்குப் போகும். அவருக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான். அவர் கையில் கிளி கிலியாகிவிடும். நான் திருத்திக்கொண்டே போவேன். அவரைக் கேட்டுக்கொண்டு திருத்துகிற வழக்கம் கிடையாது.

அந்த நாவலின் கடைசித் தாளில் 'அவள் போனால்...' என்று எழுதியிருந்தார்.

வழக்கமான பிழை என்று நினைத்தேன். யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன். ஆனால் பின்னால் மூன்று புள்ளி வைத்திருந்தாரே! அவள் போனால் என்ன? போனால் இவருக்கு என்ன ஆகிவிடும்? அப்படி என்ன உயிர் போகிற மாதிரி மூன்று புள்ளி?

பேச்சில் இரண்டுமே 'போனா'தான். எழுத்தில்தான் ஆளை வெளியே அனுப்ப முடியும். 'ல்' என்பதை 'ள்' ஆக்கினேன். மூன்று புள்ளியில் இரண்டை விட்டுவிட்டேன். முடிப்பதற்கு ஒன்று போதும். அவர் எழுதிய தாளை அன்றைக்கே அடுப்பில் போட்டேன்.

அச்சகத்திலிருந்து பிழை பார்க்க மெய்ப்பு வந்தபோது அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்த மாதமே டீச்சர் தையல் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

ஆக, இத்தனை வருஷமாக எல்லோரும் மேதைமை என்று கொண்டாடுவது என் பொறாமையை. அதில் எனக்கு ஒரு ரகசிய சந்தோஷம் உண்டு. சும்மா சொல்லக் கூடாது, நிறையவே உண்டு.

ஆனால் இந்த இயக்குநர் அந்த மூன்று புள்ளியை எங்கிருந்து பிடித்தார்?

அவரே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கடைசி வரியை மாத்திட்டேன்னு கோவிச்சுக்காதீங்க. புத்தகத்துல இருக்கிறது அச்சுப்பிழைன்னு எங்கம்மா எப்பவும் சொல்வாங்க. உங்க வீட்டு மாடியில குடியிருந்தாங்களே, தையல் டீச்சர், அவங்கதான். அச்சுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடியே சார் முழுசா அவங்களுக்குப் படிச்சுக் காட்டியிருக்கார். 'அவள் போனால்'னு நிறுத்தினவர், அதுக்கு மேல முடியாம அழுதுட்டாராம்."

நான் கைகளை விடுவித்துக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

மகளுக்கு எதுவும் உறைக்கவில்லை. அவளுக்குப் புல்லரித்துப் போயிருந்தது. என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"அப்பா படிச்சுக் காட்டினா எப்படிம்மா இருக்கும்?"

எனக்குத் தெரியாது. என்னிடம் அவர் தாள்களைத்தான் கொடுப்பார்.